ஏறினாலும் இறங்கினாலும் இலாபமா? வரலாறு சொல்லும் விடை

 

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், சங்ககிரியில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். இரண்டு லாரிகள் வைத்து ஓட்டியவர் அவர். டீசல் விலையும் வாடகை இழுபறியும் தாங்காமல் ஒன்றை விற்றுவிட்டிருந்தார். அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற கவலையில் இருந்தபோது, அறிமுகமான ஒருவர் ஒரு திட்டத்தைச் சொல்லியிருக்கிறார். பங்குச் சந்தை ஏறினாலும் இலாபம், இறங்கினாலும் இலாபம், மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் பணம் வந்துவிடும் என்பது அதன் சாரம். "வட்டி இல்லையாம் ஹஜ்ரத், வியாபாரம்தானாம். கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. அவகாசம் கேட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இதைப் போன்ற கேள்வியுடன் வந்த முதியவர் ஒருவருக்கு, காகிதத்தில் "ஹலால்" என்று அச்சிட்டிருந்ததை மட்டும் பார்த்துவிட்டு, "தவறில்லை என்றே தோன்றுகிறது" என்று நாம் சொல்லிவிட்டோம். பேத்தியின் நிக்காஹுக்காக அவர் சேர்த்து வைத்திருந்த தொகை அதோடு போயிற்று. அவர் இன்றுவரை நம்மை ஒரு சொல் குறை கூறியதில்லை. அதுதான் நமக்கு அதிக பாரமாக இருக்கிறது. ஆகவே இம்முறை வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பிறகே பேசுவது என்று முடிவு செய்தோம். அப்படிக் கண்டவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கோட்டையின் களஞ்சியம்

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறியவர்கள் அங்குள்ள தானியக் களஞ்சியங்களைப் பார்த்திருப்பார்கள். விளைச்சல் மிகுந்த காலத்தில் நிரப்பி, குறைந்த காலத்தில் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுப்பப்பட்டவை அவை. அவற்றைக் காணும்போது நமக்கு யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறே நினைவுக்கு வரும். ஏழாண்டுச் செழிப்பையும் அதையடுத்து வரும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் அரசர் கண்ட கனவிலிருந்து விளக்கிய அவர்கள், உண்பதற்கு வேண்டியது போக எஞ்சியதைக் கதிரோடு சேமித்து வைக்கும்படி வழி சொன்னதைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம்.

நாளைய கஷ்டத்தை முன்கூட்டியே எண்ணித் தற்காத்துக்கொள்வது ஈமானுக்கு மாறானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியும் நம் பிள்ளைகள் அறிந்ததே. அதே நேரத்தில், விலையேற்றத்தை எதிர்பார்த்து மக்களின் உணவைப் பதுக்குவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஒரே களஞ்சியம்தான், பஞ்சத்தில் ஊருக்குச் சோறிடத் திறந்தால் நன்மை, ஊரார் பசியை விலையாக்கப் பூட்டினால் பாவம்.

இதே சங்ககிரி மண்ணில் வேறொரு கணக்கும் நடந்தது. திப்பு சுல்தானுடன் 1792இல் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின், சேலம், பாராமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்குதான் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டனர். நிலத்துக்கு இவ்வளவு என்று வரியைப் பணமாக நிர்ணயிக்கும் முறை அது. 1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநரான பின் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் அது பரவிற்று.

இதன் உட்பொருளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். விளைச்சலில் பங்கு என்று வரி இருந்தால், விலை வீழும்போது அரசின் வருவாயும் வீழும். பணமாக நிர்ணயித்துவிட்டால் விலை ஏறினாலும் இறங்கினாலும் அரசுக்கு வருவது ஏறத்தாழ ஒன்றே. 1820களில் தொடங்கித் தானிய விலைகள் நெடுங்காலம் தாழ்ந்து கிடந்தன. அதே வரியைக் கட்ட உழவன் முன்னைவிட அதிக மூட்டைகளை விற்க வேண்டியதாயிற்று. வரித் தள்ளுபடிகள் அவ்வப்போது தரப்பட்டன என்பது உண்மைதான். ஆயினும் ஒருவருக்கு உறுதியான வருமானம் கிடைத்தபோது, அதன் ஆபத்து மறைந்துவிடவில்லை, தோள் மாறியது. வாங்கிக்கொள்ள வலுவில்லாத தோளுக்கு மாறியது.

மதீனாவின் சந்தையும் மர்வானின் சீட்டுகளும்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அவ்வூர் மக்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கவிருக்கும் பேரீச்சம் பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கும் வழக்கம் கொண்டிருந்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே 'ஸலம்' எனப்படுகிறது. விவசாயிக்கு விதைக்கவும் உண்ணவும் பணம் முன்பே கிடைக்கிறது; வாங்குபவருக்குச் சற்றுக் குறைந்த விலையில் பொருள் கிடைக்கிறது. வாங்குபவர் முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுகிறார் என்பதால், இருபுறமும் வெறும் வாக்குறுதியாக அது நின்றுவிடுவதில்லை.

இன்னொரு புறம், ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம் தம்மிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தன் பொறுப்பில் வராத பொருளின்மீது இலாபம் அடைவதையும் தடுத்தார்கள். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே பயனும் உரியது என்பது ஃபிக்ஹு நூல்களில் பெரும் விதியாக நிலைபெற்றது. 'ளமான்' என்று நாம் பாடம் நடத்தும் சொல்லின் உயிர் இதுதான்.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். மர்வான் ஆளுநராக இருந்த காலம். மதீனாவின் துறைமுகமான அல்ஜார் என்னுமிடத்தில் வந்திறங்கும் தானியத்தைப் பெற்றுக்கொள்ள மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருவதற்கு முன்பே மக்கள் அச்சீட்டுகளைத் தமக்குள் விற்கவும் வாங்கவும் தொடங்கிவிட்டார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, வட்டி வியாபாரத்தை ஆகுமாக்கிவிட்டீரா என்று நேருக்கு நேர் கேட்டார்கள். மர்வான் அதிர்ந்து, காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன், பொருளைக் காணாமல் காகிதத்தின் விலையை மட்டும் விற்று வாங்கும் சந்தை தலையெடுத்தபோதே, அதை அடையாளம் கண்ட கண்கள் நம் முன்னோரிடம் இருந்தன.

தேஜி, மந்தி

1730இல் ஜப்பானின் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தை அரசின் அங்கீகாரம் பெற்றது. 1848இல் சிகாகோவில் தானிய வணிகர்களின் சந்தை அமைந்தது. நம் நாட்டில் 1875இல் பம்பாயில் பருத்தி வணிகர் சங்கம் தோன்றி முன்பேர வணிகத்தை ஒழுங்குபடுத்தியது. அறுவடைக்கு முன்பே விலையை உறுதி செய்துகொள்ள விரும்பிய வணிகர்களின் தேவையிலிருந்து பிறந்தவை இவை.

பம்பாய்ச் சந்தையில் 'தேஜி' என்றால் ஏற்றம், 'மந்தி' என்றால் இறக்கம். சிறு தொகை கொடுத்து, குறித்த விலையில் வாங்கும் உரிமையைப் பெறுவது தேஜி. விற்கும் உரிமையைப் பெறுவது மந்தி. இரண்டையும் ஒருசேர வாங்குவது தேஜி-மந்தி. விலை எந்தப் பக்கம் பெரிதாக ஓடினாலும் இலாபம் என்று இன்று கணினித் திரையில் காட்டப்படும் உத்தி, அக்காலத்திலேயே பம்பாய்த் தெருக்களில் வழக்கில் இருந்தது. ஆனால் விலை அசையாமல் நின்றுவிட்டால் கொடுத்த தொகை முழுவதும் போய்விடும். ஏற்றம், இறக்கம் என்ற இரு திசைகளுக்கும் காவல் வைத்தவர், அசையாமை என்ற மூன்றாம் நிலையை மறந்துவிடுகிறார்.

சுதந்திர இந்தியா இதை ஐயத்துடனேயே பார்த்தது. 1952இன் முன்பேர ஒப்பந்தச் சட்டம் சரக்குகளில் ஆப்ஷன் வணிகத்தைத் தடை செய்தது. 1956இன் சட்டம் பங்குகளிலும் அதைத் தடுத்தது. அத்தடை 1995இல் நீக்கப்பட்டது. பணம் கட்டாமல் வட்டி கொடுத்துக் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளும் 'பட்லா' முறை 2001 ஜூலையில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2000 ஜூனில், குறியீட்டெண் முன்பேர வணிகம் மும்பையில் தொடங்கிவிட்டிருந்தது.

இரு பக்கமும் நிற்பவர்கள்

சந்தை எப்படிப் போனாலும் இலாபம் என்ற எண்ணத்தை ஒரு நிதி அமைப்பாக உருவாக்கியவர் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ். சமூகவியல் அறிஞரும் பத்திரிகை எழுத்தாளருமான அவர், 1949இல் நியூயார்க்கில் ஒரு இலட்சம் டாலருடன் தொடங்கினார். அதில் 40,000 அவருடைய சொந்தப் பணம். ஏறும் என்று கருதிய பங்குகளை வாங்கினார். இறங்கும் என்று கருதியவற்றை இரவல் பெற்று விற்றார். ஹெட்ஜ் ஃபண்ட் எனப்படும் அமைப்புகளின் தொடக்கம் இதுவே. இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவர் ஊதியமாக எடுத்துக்கொண்டார். உழைப்பவருக்கு இலாபத்தில் பங்கு என்ற அளவில் இது நம் 'முளாரபா'வை நினைவூட்டும். தம்மிடம் இல்லாத பங்கை விற்கும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

1994இல் அமெரிக்காவில் லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட் என்ற நிதி அமைப்பு தொடங்கிற்று. அதன் பங்காளிகளில் இருவர் 1997இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள இரு பத்திரங்களின் விலைக்கு இடையே உள்ள சிறு வேறுபாட்டில் இலாபம் காண்பது அவர்களின் வழி. சந்தையின் திசை அவர்களுக்குப் பொருட்டல்ல என்றே கருதப்பட்டது. வேறுபாடு மிகச் சிறியது என்பதால், இலாபத்தைப் பெரிதாக்கக் கடன் வாங்கினார்கள். 1998இன் தொடக்கத்தில் சொந்த முதல் சுமார் 470 கோடி டாலர். கடனோ 12,000 கோடி டாலருக்கும் மேல். அவ்வாண்டு ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்ததும், நெருங்க வேண்டிய விலைகள் விலகி ஓடின. செப்டம்பரில் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்க வேண்டியதாயிற்று. அவர்களின் கணக்கு தவறென்று சொல்வதைவிட, கணக்கு சரியாகும்வரை காத்திருக்கக் கடன் விடவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

பத்தாண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃப் கைது செய்யப்பட்டார். பங்கும் ஆப்ஷனும் கலந்த உத்தியால் ஏற்ற இறக்கமின்றிச் சீரான இலாபம் தருவதாகப் பல ஆண்டுகள் நம்ப வைத்தவர் அவர். உண்மையில் வணிகமே நடக்கவில்லை. புதியவரின் பணமே பழையவருக்கு இலாபமாகச் சென்றது. 2009இல் அவருக்கு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் ஊரில், நம் சமுதாயத்தில்

நம் நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரு வகையும் உண்டு. ஆர்பிட்ரேஜ் ஃபண்ட் என்று அதற்குப் பெயர். 2017இல் செபி பரஸ்பர நிதிகளை வகைப்படுத்தியபோது இதற்கும் தனியிடம் அளித்தது. இதன் செயல்பாட்டை எளிய கணக்காகச் சொல்லலாம். ஒரு பங்கின் இன்றைய விலை 100 ரூபாய். அதன் மாத இறுதி முன்பேர விலை 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்கை 100க்கு வாங்கி, அதே நேரத்தில் முன்பேரத்தில் 101க்கு விற்றுவிடுகிறார்கள். மாத இறுதியில் விலை 120 ஆனால் பங்கில் 20 இலாபம், முன்பேரத்தில் 19 நஷ்டம். மிச்சம் 1 ரூபாய். 80 ஆனால் பங்கில் 20 நஷ்டம், முன்பேரத்தில் 21 இலாபம். அப்போதும் 1 ரூபாய்.

இதில் மோசடி இல்லை. ஆனால் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது? முன்பேர விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் அந்தக் காலத்துக்கான வட்டியை ஒட்டியே அமைகிறது. வணிகத்தின் உடையில் வருவதன் உடல் என்ன என்று ஆலிம்கள் கேட்பதற்கு இதுவே காரணம். 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வழக்கத்திலுள்ள ஆப்ஷன் ஒப்பந்தங்களும், பொருளை ஒப்படைக்காமல் கணக்குத் தீர்க்கும் முன்பேர ஒப்பந்தங்களும் கூடாது எனத் தீர்மானித்தது. மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைக் குழு கச்சாப் பாமாயில் முன்பேரத்தை அனுமதித்தது. அறிஞர் முஹம்மது ஹாஷிம் கமாலி போன்றோரும் முன்பேர வணிகத்துக்கு ஆதரவாக வாதிட்டார்கள். கருத்து வேறுபாடு உள்ளதை மறைப்பது அறிவுக்கு நேர்மையன்று. ஆயினும் பெரும்பான்மை எப்பக்கம் என்பதில் ஐயமில்லை.

தாமே ஆப்ஷன் வணிகத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபியின் ஆய்வு 2024இல் வெளியிட்டது.

இதனினும் நமக்கு நெருக்கமான காயங்கள் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழித் திட்டங்கள் பரவின. குஞ்சுகளை வளர்த்தால் மாதந்தோறும் உறுதியான தொகை என்றார்கள். அப்பறவையின் இறைச்சியை வாங்குவார் யார் என்ற கேள்வி எழாத வரை பணம் வந்தது. 2012இல் யாவும் சரிந்தன. 2006இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அது வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் புகார் மனுக்களுடன் வரிசையில் நின்றனர். வட்டியை வெறுத்து ஒதுங்கிய மக்களின் தக்வாவே அங்கு வலையாக்கப்பட்டது என்பதுதான் வேதனை.

நாமக்கல் கோழிப் பண்ணையாளர் முட்டை விலை அறிவிப்பைத் தினமும் எதிர்பார்த்து வாழ்கிறார். நம் சங்ககிரி லாரி உரிமையாளர் வாடகையையும் டீசலையும் எண்ணி இரவில் விழித்திருக்கிறார். உண்மையான தொழில் எதிலும் வருமானம் ஒரே கோடாகப் போவதில்லை. அப்படிப் போகும் கோட்டை ஒருவர் காட்டினால், அதன் ஆபத்தை யார் சுமக்கிறார் என்று கேட்பது நம் கடமை. உழவனா, கடன் கொடுத்தவனா, அடுத்து வந்து சேரப்போகும் நம் உறவினனா?

நாம் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரரை அழைத்து மூன்று கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னோம். பணம் எந்தப் பொருளில், எந்தத் தொழிலில் போடப்படுகிறது? நஷ்டம் வந்தால் யாருடையது? செபியிடம் பதிவு உண்டா? அவர் போய்க் கேட்டார். முதல் கேள்விக்கு உத்தி இரகசியம் என்றார்கள். இரண்டாவதற்கு நஷ்டமே வராது என்றார்கள். மூன்றாவதற்கு வேறொரு பேச்சை எடுத்தார்கள். திரும்பி வந்தவர், "விளங்கிவிட்டது ஹஜ்ரத்" என்றார்.

இப்போது அவர் தம் மைத்துனருடன் சேர்ந்து ஒரு பழைய லாரியில் கூட்டாகப் பணம் போட்டிருக்கிறார். இலாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பது, நஷ்டத்தை அவரவர் முதலின் அளவுக்கு ஏற்பது என்று ஒப்பந்தத்தை எழுதி, இரு சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள். இது 'முஷாரகா'. சென்ற மாதம் டயர் மாற்றிய செலவில் மிச்சம் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் கலக்கம் இல்லை.

நாமும் அந்த முதியவரின் வீட்டுக்குச் சென்றோம். அன்று ஆராயாமல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் கொடுத்து, "பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். அதனால்தான் இக்கட்டுரை.

உரிய ஆலிம்களிடமும், சட்டம் அறிந்தோரிடமும் கேட்காமல் எவரும் தம் சேமிப்பை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. அறியாமல் நாம் சொன்னவற்றை மன்னிப்பானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.